இருவாச்சி அலகும் துக்கத்தின் சினமும்

1974ஆம் ஆண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டின் லூசோன் தீவில், மலைக்காட்டுக்குள் ஒரு வீட்டில் டேப் ரெக்கார்டர் சுழன்றுகொண்டிருந்தது. அதிலிருந்து வந்தது தலைவேட்டைக் கொண்டாட்டப் பாட்டு. சில ஆண்டுகளுக்கு முன் அதே மலையில் தங்கியிருந்தபோது, அமெரிக்க மானிடவியல் தம்பதியான ரெனாட்டோ ரொசால்டோவும் மிஷெல் ரொசால்டோவும் பதிவுசெய்து வைத்திருந்தது அது. போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டதே ஊர்க்காரர்கள்தான். ஆனால் பாட்டு சூடுபிடிப்பதற்குள் அவர்களில் ஒருவர் அதை நிறுத்தச் சொன்னார். கேட்டுக்கொண்டதுபோல் இல்லை, கட்டளையிட்டதுபோல் இருந்தது. வீடே இறுகிப்போனது.

ரெனாட்டோவுக்கு எரிச்சல். தாங்களே கேட்டுவிட்டுத் தாங்களே நிறுத்தச் சொன்னால் எப்படி? கூட்டம் கலைந்தபின் காரணம் மெல்ல வெளிவந்தது. அந்தப் பாட்டு நெஞ்சைப் பிடித்து இழுக்கிறது, இறந்துபோன உறவுக்காரரின் நினைவைக் கிளறுகிறது என்றார்கள். மறுபடி தலைவேட்டைக்குப் போக மனம் துடிக்கிறது. ஆனால் இனிப் போக முடியாது. ஏனென்றால், அவர்கள் கிறிஸ்தவர்களாகிவிட்டார்கள்.

கொலையைக் கொண்டாடும் பாட்டைக் கேட்டு ஒருவர் துக்கத்தால் துடிப்பது எப்படி என்பது அந்தத் தம்பதிக்கு அன்று முழுதாக விளங்கவில்லை. ரெனாட்டோவுக்கு அது விளங்க மேலும் ஏழு ஆண்டுகளும் ஒரு சாவும் வேண்டியிருந்தன.

அந்த மக்களை வெளியுலகம் இலொங்கோத் என்று அழைத்தது. அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் புக்கலோத். மணிலாவிலிருந்து வடகிழக்கே சுமார் 90 மைல் தொலைவில், சியரா மாத்ரே மலையும் கரபாலோ மலையும் சேரும் இடத்தில், ககயான் ஆற்றின் தலைமடையில் அவர்கள் வாழ்ந்தார்கள். ரொசால்டோ தம்பதி போன காலத்தில் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 3,500தான். காட்டை வெட்டி எரித்துப் புனம் திருத்தி, மழையை நம்பி நெல் விதைப்பார்கள். மானும் காட்டுப்பன்றியும் வேட்டையாடுவார்கள். அரசன் கிடையாது, ஊர்த்தலைவர் என்று நிலையான பதவியும் கிடையாது.

தலைவேட்டை என்றதும் வீட்டுக் கூரையில் வரிசையாகத் தொங்கும் மண்டையோடுகள்தான் நினைவுக்கு வரும். போர்னியோவிலும் நாகர் மலைகளிலும் அப்படிச் சேர்த்துவைத்தவர்கள் உண்டு. இலொங்கோத் மக்களின் வழக்கம் வேறு. அவர்கள் தலையை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. வெட்டிய இடத்திலேயே வீசியெறிந்துவிடுவார்கள். அவர்களைப் பொறுத்தவரை அந்த வீச்சுதான் முழு விஷயமும். வாழ்வில் சேர்ந்த பாரங்களும் இழவின் சுமையும் அந்தத் தலையோடு போய்விடும் என்று நம்பினார்கள். வீசியவர் உடல் இலேசாகித் திரும்புவார்.

புறப்படும் முன் சடங்குகள் நடக்கும். பலியாகப் போகிறவர்களின் ஆவியைக் கூவி அழைப்பார்கள். பறவைகளின் சகுனம் பார்த்து, பசியைப் பொறுத்து, நாள்கணக்கில் மெல்ல நடப்பார்கள். பிறகு ஒரு பாதையோரம் பதுங்கியிருப்பார்கள். வழியில் முதலில் வந்து சேர்பவரே பலி. அவர் இன்னார் என்று பெரும்பாலும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. கொன்றவரே தலையை வீசவேண்டும் என்றும் இல்லை. பெரியவர்கள் வழிகாட்டிக் கூட்டிப்போவார்கள், தலையை வீசும் வாய்ப்பு பெரும்பாலும் முதல்முறை வந்த இளைஞனுக்கு விடப்படும்.

அப்படி வீசியவன் இருவாச்சிப் பறவையின் சிவந்த அலகில் செய்த காதணியை அணியலாம். இந்த உரிமை சாதாரணமானதல்ல. காதணி இல்லாத இளைஞனைச் சகவயதினர் கேலி செய்வார்கள். அவன் பொறாமையால் புழுங்குவான். பெண் கேட்டுப் போகும் வயதில் காது வெறுமையாக இருப்பது குறை. அதனால் ஒவ்வொரு வேட்டையிலும் இருவகை மனநிலைகள் சேர்ந்து நடந்தன. முதியவர் துக்கத்தை இறக்கிவைக்கப் போனார். இளைஞன் ஆளாகிவிட்டேன் என்று காட்டப் போனான்.

வெளியார் எழுத்தில் இந்த மலை முதலில் பேரிடியாக நுழைந்தது 1909இல். வில்லியம் ஜோன்ஸ் என்ற மானிடவியலாளர் அங்கே கொல்லப்பட்டார். அவர் வாழ்க்கையே தனிக்கதை. அமெரிக்காவின் ஃபாக்ஸ் பழங்குடி வழிவந்தவர். ஹார்வர்டில் படித்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸிடம் பயின்று 1904இல் முனைவரானார். மானிடவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் அமெரிக்கப் பழங்குடியினர் அவர்தான் என்பார்கள். தன் மக்களின் மொழியையும் கதைகளையும் ஆராய்வதே அவர் விருப்பம். வேலையோ சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்துக்காகப் பிலிப்பைன்ஸில் பொருள் சேகரிப்பதாக அமைந்தது. சுமார் ஓராண்டு இலொங்கோத் மக்களிடையே தங்கினார். சேர்த்த பொருள்களை ஆற்றுவழியே கீழே அனுப்பத் தெப்பங்கள் கேட்டிருந்தார். அவை வந்து சேரத் தாமதமானதில் எழுந்த தகராறு அவர் உயிரைக் குடித்தது. பதிலடியாகக் கான்ஸ்டபுலரி என்ற காவல்படையினர் மலையேறி வீடுகளையும் விளைச்சலையும் எரித்தார்கள்.

அப்போது பிலிப்பைன்ஸை ஆண்ட அமெரிக்க ஆட்சிக்கு அது ஒரு காட்டுமிராண்டிக் கூட்டத்தின் செயல். ஜோன்ஸ் கொல்லப்பட்டது தலைவேட்டையில் அல்ல, அதிகாரம் செய்த வெளியாருடன் நேர்ந்த மோதலில் என்ற வித்தியாசத்தைப் பிரித்துப் பார்க்க அப்போது யாருக்கும் பொறுமை இல்லை.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, 1967இல், ரொசால்டோ தம்பதி அதே மலைக்குப் போனார்கள். ரெனாட்டோ மெக்சிகோ வழிவந்த அமெரிக்கர். மிஷெல் நியூயார்க்கில் பிறந்தவர். இருவரும் ஹார்வர்டில் ஆய்வு மாணவர்கள். 1969 வரை தங்கினார்கள், 1974இல் மறுபடியும் போனார்கள். எல்லாம் சேர்த்துச் சுமார் முப்பது மாதங்கள். தம்மை அன்போடு வீட்டில் வைத்துச் சோறு போட்டவர்களே தலை எடுத்தவர்கள் என்று தெரிந்தபோது அவர்கள் அதிர்ந்துபோனார்கள். பிறகும் தங்கினார்கள்.

அங்கே ரெனாட்டோ பழங்கதை கேட்க உட்கார்ந்தால், முதியவர்கள் இடப்பெயர்களாகவே சொல்லிக்கொண்டு போவார்கள். இந்த ஓடைக்குப் போனோம், அந்தப் பாறைக்குப் பக்கத்தில் படுத்தோம், அங்கிருந்து அந்த மேட்டுக்கு ஏறினோம், அங்கே புனம் போட்டோம். மணிக்கணக்கில் இதே பட்டியல். எழுதி எழுதிக் கை சலித்தது. இதில் ஆராய என்ன இருக்கிறது என்று முதலில் தோன்றியதை ரெனாட்டோவே பின்னாளில் ஒத்துக்கொண்டார். ஆனால் அவர்கள் கண் கலங்கியது அந்தப் பட்டியலைச் சொல்லும்போதுதான். பிற்பாடு அவருக்குப் பொறி தட்டியது. ஆண்டுக்கணக்கு இல்லாத அந்த மக்கள் தங்கள் வரலாற்றை மண்ணிலேயே எழுதிவைத்திருந்தார்கள். எந்த ஓடையில் யார் குடியிருந்தபோது யார் பிறந்தார், எங்கிருந்து ஓடியபோது யார் மணமுடித்தார் என்று கோத்தால், வெளியே எழுதப்பட்ட ஆவணங்களோடு அது பொருந்தியது.

இதிலிருந்து பிறந்தது 1980இல் வெளியான அவரது நூல். தலைப்பிலேயே ஆண்டுகள் உண்டு: ‘இலொங்கோத் தலைவேட்டை, 1883–1974’. அந்நாளைய மானிடவியலுக்கு அந்த ஆண்டுக் குறிப்பே ஒரு சவால். பழங்குடிகளின் வழக்கங்கள் என்றால் காலங்காலமாக மாறாமல் இருப்பவை, எழுத்தில்லாதவர்களுக்கு வரலாறு இல்லை என்று பலர் எழுதிக்கொண்டிருந்தார்கள். ரெனாட்டோ காட்டியதோ, தலைவேட்டை சில காலம் பொங்கியெழுந்து சில காலம் அடங்கிக் கிடந்தது என்பதை. ஒரு தலைமுறை இளைஞர்கள் அடுத்தடுத்துத் தலை எடுத்து மணமுடித்தார்கள். அரசின் கை நீண்ட அமைதிக் காலத்தில் வயதுக்கு வந்தவர்கள் வெறுங்காதோடு மணமுடித்தார்கள். அவரவர் எந்த ஆண்டுகளில் இளைஞராக இருந்தார் என்பதே அவரவர் காதில் என்ன தொங்கியது என்பதைத் தீர்மானித்தது.

அந்த வரலாற்றின் நடுவில் ஒரு பெரும் பிளவு, 1945. ஜப்பானியர் வருவதற்கு முந்திய அமெரிக்க ஆட்சிக் காலத்தை இலொங்கோத் மக்கள் ‘பிஸ்டைம்’ என்றார்கள். ஆங்கிலத்தில் சமாதான காலம் என்பதைக் குறிக்கும் சொல் அவர்கள் நாவில் அப்படித் திரிந்தது. 1945 ஜூனில், அமெரிக்கப் படைகளிடம் தோற்றுப் பின்வாங்கிய ஜப்பானியச் சிப்பாய்கள் பசியோடு அந்த மலைக்குள் புகுந்தார்கள். புனத்தில் இருந்ததையெல்லாம் பிடுங்கித் தின்றார்கள். மக்கள் காட்டுக்குள் ஓடி ஓடி ஒளிந்தார்கள். நோயும் பட்டினியும் குண்டும் சேர்ந்து, சில மாதங்களில் அவர்களில் மூன்றிலொரு பங்கினர் மடிந்ததாக ரெனாட்டோ கணக்கிட்டார். உலகம் தலைவேட்டையர் என்று பெயர் சூட்டிய மக்கள், உலகம் நடத்திய போரில் அழிந்த கணக்கு இது.

அந்தப் போரின் நினைவு 1968இல் எதிர்பாராத வகையில் வெளிப்பட்டது. வியட்நாம் போருக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் தன் பெயர் முதல் வரிசைக்கு வந்துவிட்டது என்று ரெனாட்டோவுக்குக் கடிதம் வந்தது. வீரத்தைப் போற்றுகிறவர்கள் ஆயிற்றே, போய் வா என்று வாழ்த்துவார்கள் என எண்ணி அவர்களிடம் சொன்னார். அவர்களோ பதறிப்போய், இங்கேயே இரு, உன்னை ஒளித்து வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். 1945இல் படைகள் சண்டையிட்டதை நேரில் பார்த்தவர்கள் அவர்கள். ஓர் அதிகாரி தன்னுடைய ஆள்களையே குண்டு பாயும் இடத்துக்கு ஏவியதுதான் அவர்களுக்கு ஜீரணிக்க முடியாததாக இருந்தது. கூடப்பிறந்தவனைப் போன்றவனிடம் போய்ச் சாவு என்று ஒருவன் சொல்வானா? எந்த வேட்டையிலும் அப்படி ஒருவரை ஒருவர் ஏவியதில்லை என்றார்கள். யாருடைய வன்முறை இயல்பு, யாருடையது விபரீதம் என்ற கேள்வி அங்கே தலைகீழாகப் புரண்டதை ரெனாட்டோ பிறகு பலமுறை நினைவுகூர்ந்தார்.

கணவர் காலத்தைத் தேடியபோது மிஷெல் சொற்களைத் தேடினார். அதே 1980இல் வந்த அவரது ‘அறிவும் உணர்ச்சியும்’ என்ற நூல் ‘லிகெட்’ என்ற ஒரே சொல்லைச் சுற்றிச் சுழல்கிறது. கோபம் என்று மொழிபெயர்த்தால் பாதிதான் வரும். சினம், வேகம், வீறு, ஆவேசம் எல்லாம் அதற்குள் உண்டு. மிளகாயின் காரத்திலும் புயல்காற்றிலும் லிகெட் உண்டு. புனத்தில் மூச்சுவிடாமல் வேலை செய்பவர் லிகெட்டால் செய்கிறார். குழந்தை உண்டாவதும் அதனால்தான். பிறர் காதில் தொங்கும் சிவப்பு அலகைப் பார்த்துப் பொருமும் இளைஞனின் நெஞ்சிலும் அதுதான். வழி தெரியாத லிகெட் ஆளைக் குழப்பி வீணடிக்கும். பெரியவர்களின் அறிவு அதை ஒரு முனைக்குக் கொண்டுவரும். தலைவேட்டை, இளைஞனின் லிகெட்டைப் பெரியவர்களின் அறிவு கைப்பிடித்து அழைத்துப்போகும் பாதை. ஒரு சமூகம் ‘நான்’ என்பதை எந்தச் சொற்களால் புரிந்துகொள்கிறது என்று தெரியாமல் அதன் வன்முறையைப் பற்றிப் பேசமுடியாது என்று காட்டிய நூல் அது.

ஆனால் முதியவர்களிடம் ரெனாட்டோ நேரடியாகக் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில் மிகச் சிறியது. ஏன் தலை எடுக்கிறீர்கள்? துக்கத்திலிருந்து வரும் சினம் கொல்லத் தூண்டுகிறது. தலையை வீசினால் அந்தச் சினமும் போய்விடும். அவ்வளவுதான். அதற்குமேல் விளக்க ஏதுமில்லை என்பதுபோல் பேச்சு முடிந்துவிடும். ரெனாட்டோவுக்கு இது போதவில்லை. ஏட்டில் படித்த பரிமாற்றக் கோட்பாட்டைத் துணைக்கு அழைத்தார்: ஒரு சாவை இன்னொரு சாவு ஈடுசெய்கிறதா? ஒரு முதியவரிடம் கேட்டே பார்த்தார். அவர் யோசித்துவிட்டு, யாராவது அப்படி நினைக்கலாம், நாங்கள் அப்படி நினைப்பதில்லை என்கிற பாவனையில் விட்டுவிட்டார். சொன்னதையே திரும்பச் சொல்கிறார்களே என்று ரெனாட்டோ அந்தப் பதிலை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு ஒதுக்கிவைத்தார்.

1972 செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். தலை எடுப்பவர்களைச் சுட்டுக்கொல்வார்கள் என்ற பேச்சு மலைவரை எட்டியது. சமவெளியிலிருந்து வந்த குடியேறிகள் நிலத்தை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். சுவிசேஷ மிஷனரிகளின் ஜெபக் கூட்டங்கள் பெருகின. தலைவேட்டை நின்றது. துக்கம் நிற்கவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒருவர் கிறிஸ்தவத்துக்கு மாறுவதைப் பார்த்த ரெனாட்டோ, புது மதம் இனிச் சாவைத் தடுக்கும் என்று அவர் நம்பிவிட்டாரோ என எண்ணினார். அது தவறு என்று இன்னொருவர் திருத்தினார். சாவு யாரையும் விடாது என்பது அவருக்கும் தெரியும். தலைவேட்டைக்குப் போக வழியில்லாத காலத்தில் இந்தத் துக்கத்தைத் தாங்க ஏதாவது வேண்டுமே, அதற்காகத்தான். டேப் ரெக்கார்டரை நிறுத்தச் சொன்ன அந்த நிகழ்ச்சியும் இந்தக் காலத்தில்தான் வருகிறது.

1981இல் தம்பதி மறுபடியும் லூசோனுக்குப் போனார்கள். இம்முறை இலொங்கோத் மலை அல்ல, இஃபுகாவோ மாகாணம். கூடவே இரண்டு சிறுவயது மகன்கள். அக்டோபர் 11 அன்று, முங்காயாங் என்ற இடத்தில் இஃபுகாவோ தோழியர் இருவரோடு மலைப்பாதையில் நடந்துபோன மிஷெல் கால் தவறிச் செங்குத்தான சரிவில் விழுந்தார். சுமார் 65 அடிக்குக் கீழே வெள்ளம் பெருகிய ஆறு. அவருக்கு வயது 37.

உடலைக் கண்டபோது ரெனாட்டோவுக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, சினம். இப்படி விட்டுப்போக எப்படி மனம் வந்தது என்று மிஷெல்மீதே சினம். அழ முயன்றார், சினம் கண்ணீரை மறித்து நின்றது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பிருந்து தான் கேட்டுவந்த அந்தச் சின்னப் பதில் அப்போதுதான் அவருக்குள் இறங்கியது. முதியவர்கள் சுருக்கிச் சொல்லவில்லை. முழுதாகவே சொல்லியிருந்தார்கள்.

அதைப் பற்றி எழுதச் சில ஆண்டுகள் ஆயின. ‘துக்கமும் தலைவேட்டையரின் சினமும்’ என்ற கட்டுரை முதலில் 1984இல் வந்தது. திருத்தப்பட்ட வடிவம் 1989இல் ‘பண்பாடும் உண்மையும்’ என்ற நூலின் முன்னுரையானது. உலகெங்கும் மானிடவியல் வகுப்புகளில் இன்றும் படிக்கப்படுகிறது. ஆய்வாளர் எங்கோ வெளியில் நின்று பார்க்கும் கண் அல்லர். அவருடைய வயது, அவர் கண்ட சாவுகள், அவர் நிற்கும் இடம் எல்லாம் சேர்ந்தே அவருக்கு எது விளங்கும், எது விளங்காது என்பதை முடிவுசெய்கின்றன என்பது அதன் வாதம். இருபத்தாறு வயதில் மலையேறிய இளைஞனுக்கு இழவின் கனம் தெரிந்திருக்கவில்லை என்று தன்னையே சாட்சிக்கூண்டில் ஏற்றினார் ரெனாட்டோ.

கட்டுரைக்குக் கேள்விகளும் வந்தன. ஓர் அமெரிக்கப் பேராசிரியரின் சினமும் இலொங்கோத் முதியவரின் லிகெட்டும் ஒன்றா? இரண்டும் ஒன்றென்று தான் சொல்லவில்லை, ஓரிடத்தில் தொட்டுக்கொள்கின்றன என்று மட்டுமே சொன்னதாக அவரே எச்சரித்திருந்தார். இளைஞர்களின் பொறாமையையும் காதணி ஆசையையும் துக்கம் விளக்காது என்பதையும் ஒத்துக்கொண்டார். பிற்காலத்தில் அதே மக்களிடையே தங்கிய தைவான் மானிடவியலாளர் ஷு-யுவான் யாங், அவர்களுடைய கிறிஸ்தவத்தை இழந்த வேட்டைக்கு மாற்றாக மட்டும் பார்க்காமல், அதன் சொந்தப் பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற திசையில் எழுதினார். டென்மார்க்கின் ஹென்ரிக் மிக்கெல்சன் 2018இல் வெளியிட்ட நூல் புக்கலோத் ஆண்மையைப் பற்றியது.

இன்னொரு கேள்வி இத்தனை ஏடுகளிலும் ஓரத்திலேயே நிற்கிறது. பாதையில் முதலில் வந்து சேர்ந்தவர் வீட்டில் அன்றிரவு என்ன நடந்தது? அங்கேயும் துக்கம் இருந்தது, அதிலும் சினம் இருந்திருக்கும். அதை இறக்கிவைக்க அவர்களுக்கு எந்த மலை இருந்தது?

இன்று புக்கலோத் மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அவர்கள் மலையின் தண்ணீருக்கு வேறு வேட்டைக்காரர்கள் வந்தார்கள். 2001 இறுதியில் இயங்கத் தொடங்கிய கசெக்னான் திட்டம், எதிர்ப்புகளையும் மீறி, அவர்களின் ஆற்றுநீரை மலைக்குள் குடைந்த நீண்ட சுரங்கவழியாகத் திருப்பி, மின்சாரமாக்கி, மத்திய லூசோனின் நெல்வயல்களுக்கு அனுப்புகிறது. முதியவர்கள் பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டுபோன ஓடைகளின் நீரும் அதில் உண்டு.

ரெனாட்டோவுக்கு 1996இல் பக்கவாதம் வந்தது. அதிலிருந்து மீளும்போது கவிதைகள் வரத் தொடங்கின. 2014இல், மிஷெல் இறந்து 33 ஆண்டுகளுக்குப் பின், அவருடைய செல்லப்பெயரைத் தாங்கிய ‘ஷெல்லி இறந்த நாள்’ என்ற தொகுப்பு வெளியானது. அதன் கவிதைகள் அந்த நாளைச் சுற்றியவை. அவற்றில் ரெனாட்டோ மட்டும் பேசுவதில்லை. அன்றைக்கு அங்கே இருந்த வண்டியோட்டி பேசுகிறார், பாதிரியார் பேசுகிறார், படைவீரர் பேசுகிறார். மிஷெல் கால் தவறிய அந்தச் செங்குத்துப் பாறையும் தன் முறை வரும்போது பேசுகிறது.